கூறையில் பட்ட எண்ணெய்

எமில்ராஜ் வாயைத் திறந்தால் யாராவது ஒருவருடைய வீடு எரியும், இல்லாவிட்டால் யாராவது படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொள்வார். இன்சூரன்ஸ்காரன் வேறு எப்படிக் கதைப்பான் என்று நீங்கள் கேட்கலாம். என்னுடைய சித்தியின் மகன் என்பதால் அவனை வாசலோடு திருப்பி அனுப்பவும் முடியாது. கிழமைக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். என் குசினியை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவான்.

“அக்கா, உது இப்ப குசினி இல்லை. உது தொழிற்சாலை.”

“அப்ப மணி அடிச்சுப்போட்டு உள்ளுக்கை வா,” என்பேன்.

என் பெயர் யசிந்தா. குருநகரில் எங்கள் வீடு. என் மனுசன் சிமியோன் கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவருவதில் விற்று மிஞ்சிய மீனை நான் உப்பிட்டுக் காயவைத்து, பொரித்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடித்து, எண்ணெயில் போட்டுப் போத்தலில் அடைத்து விற்கிறேன். கருவாட்டுச் சம்பல். கடை கிடையாது, பேஸ்புக்கில் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் ஓர் இலக்கம், அவ்வளவுதான். ‘யசிந்தா வீட்டுச் சம்பல்’ என்று பெயர் போட்டு, மூடியில் என் முகத்தையும் ஒட்டியிருக்கிறேன். ஒரு கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டியது, அதனால் ஒரு காதின் தோடு பாதிதான் தெரியும். வலை அறுபட்டுச் சிமியோன் கரையில் குந்தியிருந்த மாதங்களில் இந்த முகம்தான் வீட்டில் உலை வைத்தது. அதை நான் அவருக்குச் சொல்லிக் காட்டுவதில்லை. எப்போதாவதுதான்.

போன வருசம் ஒரு மாதக் கடைசியில் டார்கெட் காணாமல் எமில் முகம் வாடி வந்து நின்றான். பாவம் என்று ஒரு வீட்டுக் காப்புறுதி எடுத்தேன். சொந்தக்காரனிடம் காப்புறுதி எடுப்பது அவன் வீட்டுக் கலியாணத்துக்குக் காசு வைப்பது மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வாசிக்கப் போகிறார்கள்?

“தொழில் என்னெண்டு போட? உணவு தயாரிப்பு, ஒன்லைன் வியாபாரம் எண்டு போடுறன்,” என்றான்.

“வாயை மூடு.” மெதுவாகத்தான் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் யோசப்பின் என்கிற பக்கத்து வீட்டுக்காரி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். “வீட்டு வேலை எண்டு எழுது.”

“அக்கா, கம்பனிக்கு மறைக்கக்கூடாது.”

“கம்பனிக்கு ஆர் மறைக்கிறது? நான் மறைக்கிறது யோசப்பினுக்கு. வியாபாரம் நல்லாப் போகுதெண்டு ஒரு இடத்திலை எழுதினால் அது ஊர் முழுக்கப் பரவும். பிறகு கண்ணூறு பட்டு எண்ணெய்ச் சட்டி கவிழும். அதுக்கு உன்ரை கம்பனி காசு தருமோ?”

“தொழிலை மறைச்சால் அதுக்குத்தான் தராது,” என்றான்.

எனக்கு அது காதில் ஏறவில்லை. வீட்டு வேலை என்றே எழுதினான். மூடி விஷயத்திலும் இப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுது, கருவாடு, இறால்தூள் எல்லாம் எழுது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தின்றுவிட்டு ஏதும் வந்தால் பொறுப்பு உன் தலையில் என்று ஓயாமல் சொன்னான்.

“கருவாட்டுச் சம்பல் வாங்குறவனுக்கு அதுக்குள்ளை கருவாடு கிடக்கெண்டு நான் படிப்பிக்கவேணுமோ?”

“மூடியிலை சம்பல் எண்டு மட்டும்தானே கிடக்கு.”

“என்ரை முகம் கிடக்கு. குருநகராளின்ரை முகத்தைப் பார்த்தால் தெரியாதோ?”

அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வெளிநாட்டு ஓடர்களுக்கு நான் தபாற்கந்தோர்ப் பக்கம் போவதில்லை. சம்பலின் விலையைத் தபால்செலவு தின்றுவிடும். எங்கள் ஆட்களுக்கென்று ஒரு வழி இருக்கிறதே, போகிறவர் கையில் கொடுத்துவிடுவது. ஒருவர் பிளேன் ஏறப்போகிறார் என்று யாழ்ப்பாணத்தில் கதை அடிபட்டால் போதும், அவரை முன்பின் தெரியாதவர்கள்கூடப் பாசலோடு வந்து படலையில் நிற்பார்கள். போகிறவரும் மறுக்கமாட்டார். மறுத்தால், லண்டனுக்குப் போகமுதலே பெருமை வந்துவிட்டது என்று ஊர் சொல்லும்.

ஷெரோன் எங்கள் தேவாலயப் பங்குப் பிள்ளை, இப்போது லண்டனில் வேலை. என் சம்பல் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவளோடு வேலை செய்கிறவள் கஜானி, இணுவில் பிள்ளை. கஜானியின் தம்பிக்கு லண்டனில் கலியாணம் ஒழுங்காகி, தாய் பத்மாவதி கூறைச்சேலையோடு புறப்பட இருந்தார். “அன்ரியிட்டை ஒரு போத்தல் குடுத்துவிடுங்கோ அக்கா, நான் கஜானியோடை கதைச்சிட்டன்,” என்று ஷெரோன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். நான் போத்தலைப் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, சுற்றிவர டேப் ஒட்டிக்கொண்டு இணுவிலுக்கு பஸ் ஏறினேன்.

பத்மாவதி அம்மா நல்ல மனுசி. வாங்கோ பிள்ளை என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கட்டிலின் மேல் பெட்டி திறந்தபடி கிடந்தது. அவருடைய கணவர் கதிரவேலு ஐயா கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விசா சரிவரவில்லையாம். மகன் தாலி கட்டுவதை அவர் போனில்தான் பார்க்கவேண்டும்.

“பத்மா, பாசல் எல்லாம் போதும். பெட்டி தூக்கேலாது,” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னார்.

“உங்களை ஆர் தூக்கச் சொன்னது?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “உள்ளுக்கை என்ன பிள்ளை? எயார்போட்டிலை கேட்டால் சொல்லவேணும்.”

“சம்பல் அம்மா. எண்ணெயிலை போட்டது, பழுதாகாது.”

என்ன சம்பல் என்று அவர் கேட்கவில்லை. சாமியறையில் விளக்கு எரிந்தது. குசினியிலிருந்து பெருங்காய மணம் வந்தது. மீன் என்ற சொல்லையே உரத்துச் சொல்லாத வீடு என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் வாய் திறந்தால் ஷெரோனுக்குச் சம்பல் இல்லை. ஆகவே திறக்கவில்லை.

பிறகு அவர் மருமகளுக்கு எடுத்த கூறையைக் காட்டினார். அரக்குச் சிவப்பு, அகலக் கரை. கந்தசுவாமி கோயிலில் வைத்துப் பூசை செய்து எடுத்ததாம். நான் கையைச் சீலையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன். ‘உடையாமல் இருக்கட்டும்’ என்று சொல்லிக்கொண்டே அவர் என் போத்தலைக் கூறைக்கும் வேட்டிக்கும் நடுவே செருகினார். அம்மா, அங்கே வையாதேங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பஸ்ஸில் வரும்போது அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன்.

அந்தோனியார் வேறு வேலையாக இருந்திருக்கவேண்டும். பத்மாவதி அம்மா லண்டன் போய்ச் சேர்ந்த கையோடு ஷெரோனின் குரல் வந்தது. நான் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தேன்.

“யசிந்தா அக்கா, என்ன போத்தலிலை அடைச்சனீங்கள்? பெட்டிக்குள்ளை போத்தல் உடைஞ்சு எண்ணெய் முழுக்கக் கூறையிலை பட்டிட்டுதாம். பத்மாவதி அன்ரி அழுதபடி இருக்கிறா. கஜானி என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. வாற சனி கலியாணம். நான் என்னெண்டு அந்த வீட்டுக்குப் போறது?”

அடுப்பை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. மிளகாய் கருகி வீடு முழுக்கப் புகை. முற்றத்தில் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிமியோன் இருமிக்கொண்டு ஓடிவந்தார். குரலைப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு மனுசன் நாடியைத் தடவினார்.

“கருவாடு மணக்குதெண்டு ஆரும் சொல்லேல்லையே?”

“எனக்கு இஞ்சை ஈரல் கருகுது. உங்களுக்கு மணமோ?”

“இல்லை, கேட்டனான்.”

“கேளாதேங்கோ. வலையைப் பொத்துங்கோ.”

அந்தக் கேள்வியை அப்போதே காது கொடுத்துக் கேட்டிருந்தால் என் நித்திரை மிஞ்சியிருக்கும். எங்கே கேட்டேன். என் கண்ணுக்குள் அந்தப் பெண்பிள்ளை, முகம்கூடத் தெரியாத பிள்ளை, மணவறையில் கருவாட்டு மணத்தோடு இருந்தாள். சைவக்காரர் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அட்சதை போட்டார்கள். கஜானி என் மூடிப் படத்தை எடுத்து, இவளிடம் வாங்காதீர்கள் என்று பேஸ்புக்கில் போட்டாள். ஒரேயொரு பதிவு போதும். சம்பலும் போகும், முகமும் போகும். வழக்கென்று கோட்டுக்குப் போனால் எனக்குச் சீதனமாக வந்த இந்த வீடும் போகுமோ?

எமிலைத் தேடிக்கொண்டு ஓட்டோவில் போனேன். நான் அவனைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை. நடந்ததைச் சொல்லி, காப்புறுதி இதற்குக் கைகொடுக்குமா என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“அக்கா, நீங்கள் எடுத்தது வீட்டுக்கு. வீடு எரிஞ்சால், வெள்ளம் வந்தால், கள்ளன் வந்தால். உங்கடை போத்தல் வெளியிலை போய் ஆரின்ரையும் பொருளைப் பழுதாக்கினால் அதுக்கு வேறை காப்புறுதி இருக்கு. வியாபாரம் எண்டு எழுதியிருந்தால் அதையும் சேர்த்துப் போட்டிருப்பன். நீங்கள் வீட்டு வேலை.”

“இப்ப சேர்க்கேலாதோ?”

“உடைஞ்ச பிறகு சேர்க்கிறதோ? அதோடை இன்னொண்டு. வீட்டுக்குள்ளை வியாபார அடுப்பு எரியுதெண்டு தெரிஞ்சால், நாளைக்கு வீடு எரிஞ்சாலும் கேள்விதான் வரும்.”

“அப்ப நான் இவ்வளவு காலமும் கட்டினது?”

“எனக்கு டார்கெட்டுக்கு உதவினது,” என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் எப்படி இந்தத் தொழிலில் இருக்கிறான் என்று அப்போது எனக்கு ஆச்சரியம்தான் வந்தது.

பிறகு கதிரையை இழுத்துக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். “ஆனால் ஒரு வழி இருக்கு. பாசல் கைமாறியிட்டுது. பெட்டியிலை வைச்சது அவை. பில்லும் இல்லை, ஒண்டும் இல்லை. நீங்கள் அனுப்பினதெண்டு ஆர் நிரூபிக்கிறது? பேசாமல் இருங்கோ. முக்கியமா வொய்ஸ் அனுப்பாதேங்கோ. பிழை என்னிலை எண்டு ஒரு வார்த்தை வாயிலை வந்தால் பிடிச்சுக்கொள்ளுவினம். எங்கடை தொழிலிலை முதல் பாடம் அதுதான்.”

“என்ரை முகத்தை ஒட்டி அனுப்பின போத்தலை என்ரை இல்லை எண்டு சொல்லவோ?”

“சொல்லவேண்டாம். ஒண்டும் சொல்லாதேங்கோ.”

வீட்டுக்கு வரும்வரை அவன் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து, கருகிய சட்டியைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கோபம் வந்தது. எமிலில் இல்லை, யோசப்பினில் இல்லை, அந்தோனியாரிலும் இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவர். பூசை செய்த சேலையை என் கையில் தந்தவர். நான் அவருக்கு ஒரு சொல்லை ஒளித்தேன், இப்போது ஆளையே ஒளிப்பதா? சீ, என்ன சீவியம் இது. கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தேன்.

“ஷெரோன், இதை நீ கஜானிக்கும் அந்த அம்மாவுக்கும் போட்டுக் காட்டு. அம்மா, நான் குருநகர் யசிந்தா. போத்தல் என்ரை, பொறுப்பும் என்ரை. உங்களுக்குச் சம்பல் எண்டுதான் சொன்னனான். அது கருவாட்டுச் சம்பல். சொன்னால் கொண்டுபோகமாட்டியள் எண்டு சொல்லேல்லை. அதுவும் என்ரை பிழை. கூறைக்கு என்ன செய்யவேணுமோ, தோட்டைக் கழட்டி வித்தெண்டாலும் செய்யிறன். பிள்ளையின்ரை கலியாணத்திலை அழாதேங்கோ.”

அனுப்பிவிட்டேன். எமில் சொன்ன முதல் பாடத்தை முதல் நாளிலேயே உடைத்தாயிற்று. நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பேஸ்புக் பக்கத்தில், ‘சில நாட்களுக்கு ஓடர் எடுக்கமாட்டோம்’ என்று போட்டேன். காதில் கை போகும்போதெல்லாம் தோட்டைத் திருகிப் பார்த்துக்கொண்டேன்.

“உள்ளதைச் சொன்னனி. இனி வாறது வரட்டும்,” என்றார் சிமியோன். கடலுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் அவர் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே நின்றார்.

எமிலையும் வரச் சொல்லியிருந்தேன். ‘வீட்டு வேலை’ என்பதை வெட்டிவிட்டு உண்மையை எழுது, அதற்குப் பிறகாவது நான் நிம்மதியாக அடுப்பு மூட்டுவேன் என்று. அவன் வருவதற்கு முன்பே ஓர் ஓட்டோ வந்து படலையில் நின்றது. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு துணிப்பை. இணுவில் கதிரவேலு ஐயா.

வேலிக்கு மேலால் யோசப்பினின் தலை எழும்பியது. வரட்டும், நல்லாய்ப் பார்க்கட்டும், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டை மிதிக்காமல் ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சிமியோன் கதிரையைத் தட்டிப் போட்டார்.

நான் சோடாப் போத்தல் ஒன்றை உடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். எங்கள் வீட்டில் வாய் நனைப்பாரோ மாட்டாரோ தெரியாத ஆட்களுக்குச் சோடா வைப்பதுதான் வழக்கம். கொடுத்தவருக்கும் குறையில்லை, குடித்தவருக்கும் குறையில்லை. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“தேத்தண்ணி இல்லையோ, பிள்ளை?”

நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். சண்டை பிடிக்க வந்த மனுசன் தேத்தண்ணி கேட்பானா? கோப்பையை அவர் கையில் கொடுத்தவுடன் நானும் அவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்.

“ஐயா, என்னை மன்னிக்கவேணும்.”

“பிள்ளை, நாங்கள் ஒரு பிழை செய்துபோட்டம்.”

சிமியோன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐயா முதல் சொல்லுங்கோ,” என்றார்.

கதிரவேலு ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். “நிறை கூடிப் போச்சு, பிள்ளை. போறதுக்கு முதல் நாள் பெட்டியைக் கொழுவித் தூக்கிப் பார்த்தால் தராசு முள்ளு விழுந்து கிடக்கு. எதை எடுக்கிறது? பலகாரத்திலை கைவைக்க விடமாட்டா. நல்லெண்ணெய்ப் போத்தலை விடமாட்டா. மகனுக்கு அங்கத்தை எண்ணெய் சரிவராதாம். கடைசியா ஊராற்றை பாசல் எல்லாம் வெளியிலை வந்திட்டுது. உங்கடையும்தான். எல்லாம் கட்டிலுக்குக் கீழை கிடக்கு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. “அப்ப உடைஞ்சது?”

“எங்கடை நல்லெண்ணெய்.”

“என்ரை போத்தல்?”

“இணுவிலை விட்டு வெளிக்கிடவே இல்லை.”

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பாடா. வீடு இருக்கிறது, தோடு இருக்கிறது, முகமும் இருக்கிறது.

“நான் அண்டைக்கே மணத்தைக் கேட்டனான்,” என்றார் சிமியோன்.

“இப்ப அதைச் சொல்லிக் காட்டவேணுமோ?”

“எப்பவாவதுதானே,” என்றார்.

ஐயா மிச்சத்தையும் சொன்னார். பெட்டியைத் திறந்தவுடன் எல்லோரும் ‘அந்தச் சம்பல் போத்தல்தான்’ என்று சொன்னபோது பத்மாவதி அம்மாவுக்கு வாய் வரவில்லையாம். ஏற்றுக்கொண்ட பாசலைக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டு வந்தேன் என்று மகளின் சிநேகிதி வீட்டுக்கு எப்படிச் சொல்வது? உடைந்ததை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று ஒரு பொய். அந்தப் பொய்யால் ஷெரோனுக்குக் குற்றம், எனக்குக் குற்றம். அவர் அழுதது சேலைக்காகப் பாதி, பொய்க்காகப் பாதி.

“பிறகு உங்கடை குரலைப் போட்டுக் காட்டினவையாம். தோட்டைக் கழட்டுறன் எண்டு சொன்னனீங்களாமே. மனுசியாலை தாங்கேலாமல் போச்சு. ‘அந்தப் பிள்ளை செய்யாத பிழைக்குப் பொறுப்பெடுக்குது, நான் செய்த பிழையை ஒளிச்சுக்கொண்டு நிக்கிறன்’ எண்டு எனக்குப் போன் எடுத்து ஒரே அழுகை. அங்கை எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. நீங்கள் நேரை போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ எண்டு என்னைக் கலைச்சு விட்டவ.”

“கூறை, ஐயா? கூறைக்கு என்ன நடந்தது?”

“உள்ளுக்குச் செருகிற தலைப்பிலைதான் பட்டது. மகள் பவுடர் போட்டு, பிறகு கடையிலை குடுத்துக் கழுவி எடுத்திட்டாள். ஒண்டும் தெரியாதாம். நீங்கள் பேஸ்புக்கிலை கிஸ்புக்கிலை எங்களைப் பற்றி எழுதிப்போடாதேங்கோ, பிள்ளை. மனுசிக்கு அந்தப் பயமும் இருக்கு.”

என்னை எழுதப்போகிறார்கள் என்று நான் இங்கே செத்துக்கொண்டிருக்க, நான் எழுதப்போகிறேன் என்று அந்த அம்மா அங்கே செத்துக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லிவைத்த மாதிரி என் போன் முனகியது. ஷெரோன். “அக்கா, என்னை மன்னியுங்கோ. அன்ரி எல்லாம் சொல்லிப்போட்டா. கஜானி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவள். ஆனால் என்ரை சம்பல் எங்கை?”

அப்போதுதான் எல்லோரும் அந்தத் துணிப்பையைப் பார்த்தோம். ஐயா அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை. போத்தலைத் தந்துவிட்டுப் போகத்தான் வந்திருப்பார் என்று நான் கையை நீட்டினேன். அவர் தந்தார். ஆனால் விட மனமில்லாத மாதிரித் தந்தார்.

என்னுடைய டேப்பைக் காணவில்லை. பேப்பரும் வேறு பேப்பர். கையில் பாரமில்லை. சுற்றியதை அவிழ்த்தால் பாதிக்குக் கீழே கிடக்கிறது சம்பல். கதிரவேலு ஐயா எங்கள் வீட்டு முகட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா?”

“மனுசி போனபிறகு நானேதான் சமையல். ஒரு நாள் கறி அடிப்பிடிச்சுப் போச்சு. சும்மா சோறு. கட்டிலுக்குக் கீழை சம்பல் கிடக்கிறது ஞாபகம் வந்துது.”

“அது கருவாடெண்டு?”

“முதல் கவளத்திலை தெரிஞ்சுது.”

“பிறகு?”

“தட்டிலை போட்ட சோத்தை எறியக்கூடாதெண்டு பார்த்தன்,” என்றார். “அடுத்த நாளும் கறி அடிப்பிடிச்சிட்டுது.”

சிமியோன் எழும்பி வலைப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டும், ஆனால் எமில் என் தலைக்குள் ஏற்றிவிட்டிருந்த பயம்தான் முந்திக்கொண்டது.

“ஐயா, பழக்கமில்லாத வயிறு. ஒண்டும் செய்யேல்லையோ? தடிப்பு, கடி, சத்தி, ஏதும்?”

“ஒண்டுமில்லை, பிள்ளை. நல்ல நித்திரை.”

படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எமில் கையில் கடதாசிக் கட்டோடு உள்ளே வந்து, திருநீற்று நெற்றியைப் பார்த்து, பாதிப் போத்தலைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு நிம்மதி வருவதற்குப் பதில் தொழில் புத்திதான் வந்தது.

“ஐயா, குறை நினையாதேங்கோ, ஒரு உதாரணத்துக்குச் சொல்லுறன். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு மூடியிலை எழுதேல்லை. அதைச் சாப்பிட்டு உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் நீங்கள் அக்காவிலை வழக்குப் போட்டிருக்கலாம், தெரியுமோ?”

கதிரவேலு ஐயா ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“போடலாம், தம்பி. ஆனால் வழக்குப் போடுறதெண்டால் நான் சாப்பிட்டனான் எண்டு ஒத்துக்கொள்ளவேணுமே. அதைவிட வருத்தம் வந்து ஆஸ்பத்திரியிலை படுக்கலாம்.”

எமில் கடதாசிக் கட்டைப் பிரித்துப் பேனையை எடுத்தான்.

“சரி அக்கா. தொழில்?”

“கருவாட்டுச் சம்பல் வியாபாரம்,” என்றேன். யோசப்பினுக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். “ஒன்லைன். வெளிநாட்டுக்கும் போகும். கொட்டையெழுத்திலை எழுது. போத்தலாலை மற்றவைக்கு வாற சேதத்துக்கும் சேர்த்துப் போடு.”

யோசப்பினின் தலை வேலிக்கு மேலே அப்படியே நின்றது. கண் வைக்கட்டும், இப்போது அதற்கும் சேர்த்துத்தான் கட்டப்போகிறேன்.

ஐயா எழும்பினார். வேட்டியைச் சரிசெய்தார், துணிப்பையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். போகிற மாதிரித் தெரியவில்லை.

“பிள்ளை, ஷெரோன் பிள்ளைக்கு நீங்கள் வேறை போத்தல் அனுப்புவியள்தானே. எனக்கும் ஒண்டு தாங்கோ. காசு கொண்டுவந்தனான். அந்த மூடிப் படத்தை மட்டும் உரிச்சுவிட்டால் நல்லம். மனுசி கண்டாலும் மாங்காய்ச் சம்பல் எண்டு சொல்லலாம்.”

“இல்லை ஐயா,” என்றேன். “என்ரை படம் இருக்கும். இனி, உள்ளுக்கை கருவாடும் இறால்தூளும் கிடக்கெண்டு பெரிசா எழுதியும் இருக்கும். ஒளிச்சு ஒரு போத்தலும் நான் இனி ஒருத்தருக்கும் குடுக்கன். அப்பிடியெண்டால்தான் தருவன். சம்மதமோ?”

அவர் யோசித்தார். வானத்தைப் பார்த்தார். வெயிலில் காய்கிற கருவாட்டைப் பார்த்தார்.

“அப்ப இரண்டாத் தாங்கோ,” என்றார். “ஒளிச்சு வைக்கப்போறது நான்தானே. ஒண்டெண்டாலும் இரண்டெண்டாலும் ஒரே கட்டில்தான்.”

நான் எமிலின் கையிலிருந்த பேனையைப் பறித்துக்கொண்டு என் தொழிற்சாலைக்குள் போனேன்.